மாகாணிச் சந்தாவும் முழு வாக்கும்

தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்றோர் அளவை உண்டு. விடியற் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, மலையேறி, குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்து ஒப்புவித்தவளுக்கு ஒரு பேர். மழையாலோ, காய்ச்சலாலோ, மலை காய்ந்து கொழுந்து அற்றமையாலோ நிறை குறைந்துவிட்டால் அரைப் பேர். செக்றோலில் அரைப் பேர் விழுந்த பெண் அன்று அரைப் பசியோடா வீடு திரும்பினாள்? அவள் ஏறியது அரை மலையா? கணக்குப் புத்தகத்துக்கு இவ்வினாக்கள் தோன்றுவதில்லை. மனிதரைப் பின்னமாக்குவதில் அதற்கு என்றுமே தயக்கம் இருந்ததில்லை.

வெலிமடையைச் சூழ்ந்த மலைகளில் இக்கணக்கைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவர் நாம். ஆதலால், ஜெனீவா நகரிலிருந்து இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சந்தா விவரங்களைப் படிக்க நேர்ந்தபோது நமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கும் அரை உண்டு, கால் உண்டு, அரைக்கால் உண்டு, மாகாணியும் உண்டு. நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மனனம் பண்ணிய பின்னங்கள் அங்கே நாடுகளின் பெயர்களுக்கு நேரே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தில் அரைப் பேருக்கு அரைக் கூலி. ஜெனீவாவிலோ மாகாணி செலுத்துபவனுக்கும் முழு வாக்கு.

இது நீதியா என்பதே நாம் ஆராய விரும்பும் வினா. கொடுப்பதன் அளவே குரலின் அளவாக இருக்க வேண்டுமா? உறுப்புரிமை என்பது எதனால் உண்டாகிறது: பணத்தாலா, தேவையாலா, உழைப்பாலா? தொழிற்சங்கத்திலும் ஆசிரியர் சங்கத்திலும் சந்தா கட்டும் நம் வாசகர்களுக்கு இவ்வினா ஜெனீவாவோடு முடிந்துவிடுவது அன்று.

முதலில் செய்தியை அறிவோம். 1865ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பாரிஸ் நகரில் இருபது அரசுகள் ஒன்றுகூடித் தந்திப் போக்குவரத்துக்கென ஓர் ஒன்றியத்தை அமைத்தன. 1932இல் மட்ரிட் மாநாடு அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியது. 1947இல் அது ஐக்கிய நாடுகள் அமைப்பின் சிறப்பு நிறுவனங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 2024இல் பலாவு தீவுகள் சேர்ந்தமையால் அதன் உறுப்பு நாடுகள் 194 ஆயின. ஐக்கிய நாடுகள் சபை ஒவ்வொரு நாட்டின் வருமானத்தையும் அளந்து, 'நீ இவ்வளவு செலுத்து' என்று விதிக்கிறது. தொலைத்தொடர்பு ஒன்றியத்திலோ ஒவ்வோர் அரசும் தன் பங்கைத் தானே தெரிந்தெடுக்கிறது. ஓர் அலகு என்பது 318,000 சுவிஸ் பிராங்கு. அமெரிக்காவும் ஜப்பானும் நெடுங்காலமாக முப்பது அலகு செலுத்துவோர். வறிய நாடுகளுக்கென அரைக்காலும் மாகாணியும் ஒதுக்கப்பட்டுள்ளன. மாகாணி அலகு என்பது 19,875 பிராங்கு. முப்பது அலகுக்கும் மாகாணிக்கும் இடையே நானூற்றெண்பது மடங்கு வேற்றுமை. ஆயினும் மாநாட்டு மண்டபத்தில் இரு நாட்டுக்கும் ஒவ்வொரு வாக்கே. ஒன்று மட்டும் கண்டிப்பு: நிலுவை ஈராண்டுச் சந்தாவை எட்டிவிட்டால் வாக்குரிமை நின்றுவிடும். கட்டித் தீர்த்தால் மீளும்.

'நானூற்றெண்பது மடங்கு கொடுப்பவனும் ஒரு வாக்குத்தானா? இது திறமைக்கும் உழைப்புக்கும் செய்யும் அநியாயம்' என்று வாதிடுவோர் உண்டு. உலக வங்கியிலும் சர்வதேச நாணய நிதியத்திலும் பங்குக்குத் தக்க வாக்கு என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். 2022இல் நம் நாடு வங்குரோத்தாகி நாணய நிதியத்தின் வாயிலில் நின்றபோது அந்த முறையின் சுவை எத்தகையது என்பதை நாம் அறிந்துகொண்டோம். அதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை.

தந்திக் கம்பியின் இயல்பை எண்ணிப் பார்த்தால் அவ்வாதத்தின் பிழை தெளிவாகும். 1865இல் கையெழுத்திட்ட இருபது அரசுகளில் பிரான்சும் ருசியாவும் போன்ற பேரரசுகளும் இருந்தன. பாடன், வுர்ட்டெம்பெர்க், ஹம்பர்க் போன்ற சிற்றரசுகளும் இருந்தன. பேரரசன் அனுப்பும் செய்தி சிற்றரசனின் நிலத்தைக் கடந்தே போயாக வேண்டும். அவன் மறுத்தால் கம்பி அங்கேயே அறும். ஆகவே அந்தச் சமத்துவம் எவருடைய தயவிலும் பிறக்கவில்லை. கம்பியின் இயல்பிலே பிறந்தது. தொலைபேசிக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு முனை மட்டும் உள்ள தொலைபேசி வெறும் மரப்பெட்டி. மறுமுனையில் ஒருவன் இருந்தால்தான் இந்த முனைக்குப் பெறுமதி. புதிதாக இணையும் ஒவ்வோர் ஏழையும் ஏற்கெனவே இணைந்திருக்கும் செல்வனின் கருவிக்கு மதிப்பைக் கூட்டுகிறான். அவன் வந்து சேர்வதே ஒரு சந்தா. இதைக் கணக்கில் எழுதும் பத்தி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதனால் அது இல்லையென்று ஆகிவிடாது.

வாக்கு இருப்பதும் குரல் இருப்பதும் ஒன்றென்று நாம் மயங்கிவிடலாகாது. இவ்வொன்றியத்தின் வரலாற்றிலேயே அதற்குச் சான்றுண்டு. ஏகாதிபத்திய அரசுகள் தம் குடியேற்ற நாடுகளின் பெயராலும் வாக்குகளைப் பெற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. பெயர் அடிமை நாட்டினது. உயர்ந்த கை ஆண்டவனுடையது. தோட்டத்தில் கங்காணி தன் கூட்டத்தார் அனைவருக்குமாகத் துரையிடம் பேசிய காலத்தை நினைவு கொள்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடுதலை பெற்ற நாடுகள் பெருகிய பின் ஒன்றியத்தின் உள்ளே புதிய கோரிக்கை எழுந்தது. இருக்கிற கம்பிகளை ஒழுங்குபடுத்தினால் மட்டும் போதாது. இல்லாத இடத்துக்குக் கம்பி வர வேண்டும் என்றனர். 1982இல் நைரோபி மாநாடு, வளர்முக நாடுகளுக்குத் துணைநிற்றலை ஒன்றியத்தின் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றது. ஒரு சுயாதீன ஆணைக்குழுவையும் நியமித்தது. சேர் டொனால்ட் மெயிற்லண்ட் என்பார் தலைமையிலான அக்குழுவின் அறிக்கை 1985 தொடக்கத்தில் வெளிவந்தது. உலகத்தின் அறுபது கோடித் தொலைபேசிகளில் முக்காற் பங்கு ஒன்பதே நாடுகளில் இருந்தன என்றும், ஆபிரிக்கக் கண்டம் முழுவதிலும் உள்ளவற்றைக் காட்டிலும் டோக்கியோ நகரில் உள்ளவை அதிகம் என்றும் அது உலகுக்குச் சொன்னது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மனித குலம் முழுவதும் எளிதில் அணுகக்கூடிய தூரத்தில் ஒரு தொலைபேசி இருத்தல் வேண்டும் என்று இலக்கும் வகுத்தது. அந்நாட்களில் ஊவாத் தோட்டங்களில் தொலைபேசி என்பது துரை பங்களாவிலும் தோட்டக் கந்தோரிலும் இருந்த பொருள். லயத்தில் இருந்தவனுக்குத் தப்பாற்காரன் கொண்டுவந்த கடிதமே உலகம். அதுவும் கந்தோரின் கைபட்ட பின்பே அவன் கைக்கு வரும்.

மெயிற்லண்ட் அறிக்கையில் ஓர் அரிய யோசனை இருந்தது. செல்வ நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையே நடைபெறும் அழைப்புகளின் வருவாயில் ஒரு சிறு பகுதியை எடுத்து வறிய நாடுகளின் வலையமைப்புக்குச் செலவிடலாம் என்பதே அது. அது ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டதோ இன்னொரு யோசனை: தொலைத்தொடர்பு அபிவிருத்திக்கென ஒரு மத்திய நிலையம், அதற்கான பணம் விரும்பிக் கொடுப்போரிடமிருந்து. நிலையம் திறக்கப்பட்டது. விரும்பிக் கொடுப்போர்தாம் வரவில்லை. போதிய நிதியின்றி அது சில ஆண்டுகளிலேயே வாடி, 1989இல் நீஸ் மாநாடு தோற்றுவித்த அபிவிருத்திப் பணியகத்துள் கலந்து மறைந்தது. அறிக்கையைப் பாராட்டியோர் பலர். பையை அவிழ்த்தோர் சிலர். 1992இல் அபிவிருத்தி, ஒன்றியத்தின் மூன்று பிரிவுகளுள் ஒன்றாக உயர்வு பெற்றது. அதன் உலக மாநாடுகள் 1994இல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கி, 2010இல் ஹைதராபாத்திலும், 2022இல் கிகாலியிலும், 2025இல் பாக்குவிலும் நடந்தேறின.

பெயரும் பதவியும் உயர்ந்தன. பணத்தின் போக்கோ வேறு வகையாயிற்று. மேற்சொன்ன 318,000 பிராங்கு என்னும் அலகு 2006 முதல் அசையாமல் நிற்கிறது. விலைவாசி நிற்கவில்லை. எனவே அலகின் பெறுமதி ஆண்டுதோறும் தேய்கிறது. எந்த நாடும் தன் சந்தாவைக் குறைத்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தி வைத்தாலே போதும், காலம் குறைத்துவிடும். பத்தாண்டுக்கு முன் பேசிய சம்பளத்தை இன்றும் கொடுத்துவிட்டு 'நாம் குறைக்கவில்லையே' என்னும் முதலாளியின் கணக்கு இது.

பொதுப் பணம் தேயும்போது அவ்விடத்தை நிரப்ப இருவகைப் பணம் வருகிறது. ஒன்று, அரசல்லாத உறுப்பினரின் சந்தா. கம்பனிகள், பல்கலைக்கழகங்கள் என இத்தகையோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒன்றியத்தில் உள்ளனர். இவர்களுக்கான அலகு அரசுகளின் அலகில் ஐந்தில் ஒன்று, அதாவது 63,600 பிராங்கு. அபிவிருத்திப் பிரிவில் வளர்முக நாட்டுக் கம்பனி ஒன்று அதில் மாகாணி கட்டினாற் போதும்: 3,975 பிராங்கு. 2010இல் கல்வி நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. வளர்முக நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அதனிலும் பாதிதான். இவர்களுக்கு வாக்கில்லை, ஆனால் ஆய்வுக் குழுக்களில் இருக்கை உண்டு. மற்றது, குறித்த வேலைக்கென்று குறித்துக் கொடுக்கப்படும் பணம். கொடுப்பவன் 'இந்த நாட்டில், இந்தத் திட்டத்துக்கு, இந்த முறையில்' என்று எழுதியே கொடுக்கிறான். மண்டபத்தில் 194 கைகள் சமமாக உயர்கின்றன. எந்த மலைக்குக் கம்பம் வர வேண்டும் என்பது வேறோர் அறையில் முடிவாகிறது. வாக்கை எவரும் பறிக்கவில்லை. வாக்கினால் தீர்மானிக்கப்படும் பொருள்களைச் சுருக்கிவிட்டார்கள்.

கிகாலி மாநாட்டை ஒட்டி வாக்குறுதிகளைத் திரட்டும் முயற்சியொன்றும் முன்னெடுக்கப்பட்டது. 2026க்குள் பதினாயிரம் கோடி டொலர் பெறுமதியான உறுதிமொழிகள் என்பது அதன் இலக்கு. தொகை பெரிது. ஆனால் உறுதிமொழி வேறு, சந்தா வேறு. கம்பனி தன் சொந்தச் சந்தைக்காக எப்படியும் செய்யவிருந்த முதலீடும் உறுதிமொழிப் பட்டியலில் அழகாக அமர்ந்துகொள்ளும். சந்தாவுக்கு நிலுவை உண்டு. நிலுவைக்குத் தண்டனை உண்டு. உறுதிமொழிக்கு இரண்டும் இல்லை. 2024இல் உலகில் 260 கோடி மக்கள் இணையத்துக்கு வெளியே இருந்தனர் என்று மதிப்பிட்டதும் இதே ஒன்றியந்தான்.

இவ்விடத்தில் நாம் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சந்தா என்பதன் உட்பொருளை நாம் கற்றது அங்கேதான்.

முன்னாளில் தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்துக்கு மறுநாள் தோட்டத் தலைவர் லயம் லயமாக வந்து வாங்கினார். வாசலில் நின்று கேட்பார். கொடுப்பவள் சும்மா கொடுப்பதில்லை. கூரைத் தகரம் ஒழுகுவதையும், பிள்ளை மடுவத்தில் பால் குறைந்ததையும், கணக்கப்பிள்ளை நிறையைக் குறைத்து எழுதியதையும் சொல்லித் தீர்த்த பின்பே முடிச்சை அவிழ்ப்பாள். சில மாதங்களில் 'சங்கம் எனக்கு என்ன செய்தது?' என்று கேட்டுவிட்டு அவிழ்க்காமலும் விடுவாள். தலைவர் அதையும் கேட்டுக்கொண்டு போவார். அந்தச் சில சதங்களோடு அவளுடைய குரலும் சங்கத்துக்குள் போயிற்று. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தம் சபையைத் தாமே தெரிந்தெடுத்து நிர்வாகத்தோடு பேசினார்கள் என்றால், பெரிய நிதி ஒன்றும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

பின்னர் சந்தாவைச் சம்பளத்திலிருந்தே பிடித்து நிர்வாகமே சங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தது. ஒழுங்கான முறை, பணம் தவறாமல் சேர்கிறது, சங்கங்கள் நிலைபெற்றன. இதன் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் லயத்து வாசலுக்கு வந்து போன காலடி குறைந்தது. பணம் கந்தோரிலிருந்து வரும்போது, வாசலுக்குப் போகத்தான் வேண்டும் என்னும் கட்டாயம் எங்கிருந்து வரும்? ஒரு சங்கம் யாருடைய கையிலிருந்து பணத்தைப் பெறுகிறதோ, மெல்ல மெல்ல அவருடைய முகத்தையே பார்க்கப் பழகிவிடுகிறது. தலைவர்களின் குணத்தைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. நல்லவர்களுக்கும் இது நேர்கிறது. ஜெனீவாவில் நிகழ்வதும் இதன் பெரிய வடிவமே என்பது நம் எண்ணம்.

ஆகவே மாகாணிச் சந்தாவை இரக்கத்தின் சின்னமாகக் காண்போரோடு நமக்கு உடன்பாடு இல்லை. 'ஏழைதானே, அவனிடம் ஏன் வாங்க வேண்டும்?' என்பது கேட்பதற்கு இனிது. தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்தவளிடமும் அவளுக்குரிய சிறு தொகையை வாங்கத்தான் செய்கிறார்கள். வாங்காமல் விட்டால் அவள் அழுவாள். நாளை தன் வீட்டுச் சாவுக்கு ஊர் வருவது பிச்சையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கட்டும் தொகையால் சங்கத்தின் பெட்டி நிறைவதில்லை. அவள் தலை நிமிர்கிறது. அதே சங்கத்தில் அவள் மூன்று மாதம் கட்டத் தவறினாலும், பாடையைத் தூக்க ஆள் வராமல் இருப்பதில்லை. விதிப் புத்தகத்தில் வேறு எழுதியிருக்கலாம். மயானப் பாதையில் அந்தப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை.

சிறு சந்தா மானத்தைக் காக்கிறது என்றோம். அந்தச் சிறு சந்தாவையும் உண்மையில் செலுத்துபவர் யார்? இவ்வினாவை ஜெனீவாவின் பட்டியல் கேட்பதில்லை. பட்டியலில் 'இலங்கை' என்றே இருக்கும். இலங்கை எங்கிருந்து சுவிஸ் பிராங்கை எடுக்கிறது? அச்சடிக்க இயலாது, வாங்க வேண்டும். வாங்குவதற்கு வேண்டிய அந்நியச் செலாவணி தேயிலை விற்றும், ஆடை தைத்து விற்றும், வெளிநாடு சென்ற நம் மக்கள் உழைத்து அனுப்பியும் வருகிறது. கொழுந்து கொய்பவளின் அரைப் பேரும், குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கும் அவள் தங்கையின் மாதச் சம்பளமும் மாறி மாறிப் பிராங்காகி ஜெனீவா போய்ச் சேர்கின்றன. இராசதந்திரி ஒருவர் கோட்டணிந்து உயர்த்தும் கையின் செலவை இவர்கள் கட்டியிருக்கிறார்கள். இது அலங்காரப் பேச்சன்று. வரவு செலவுக் கணக்கு.

இன்னும் ஒன்று. மெயிற்லண்ட் ஆணைக்குழு சொல்லி உலகம் ஏற்காத யோசனைக்கு ஒத்த ஒன்றை நம் நாடு தன்னளவில் செய்து பார்த்தது. 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வெளிநாட்டிலிருந்து உள்வரும் அழைப்புகள்மீது ஒரு தீர்வையை விதித்தது. அதன் ஒரு பகுதி ஊர்ப்புறத் தொலைத்தொடர்பு வளர்ச்சிக்கென்பது ஏற்பாடு. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்நாட்களில் வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு அழைத்தவர் யார்? மெயிற்லண்ட் மனதில் இருந்தவர் லண்டன் வணிகர். நம் விஷயத்தில், வெள்ளிக்கிழமை விடுமுறையில் அட்டை வாங்கி, பிள்ளையின் குரலைக் கேட்க நிமிடங்களை எண்ணிப் பேசிய பணிப்பெண்ணும் அவருள் ஒருத்தி. அழைப்பின் விலையில் தீர்வை அடங்கியிருந்தது. செல்வனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்கும் எண்ணம், ஏழையிடம் எடுத்து ஏழைக்குக் கொடுப்பதாய் முடிந்தது. 2011இல் இன்னொரு சட்டம் தொலைபேசிக் கட்டணத்தின்மீதே நூற்றுக்கு இருபது வீதம் தீர்வை போட்டது. வீதம் பின்னர் இறங்கியும் ஏறியும் வந்தது. நூறு ரூபாவுக்குக் காசேற்றும் கூலித் தொழிலாளிக்கும் அதே வீதம்.

கட்டியும் உறுப்பினர் ஆகாதவர் என்றால் மலையகத்தார் இதைவிடப் பெரிய கதையை அறிவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் அவ்வெழுவரின் இடத்தில் ஒருவரும் இல்லை. தேயிலையின்மீது விதித்த ஏற்றுமதித் தீர்வை மட்டும் ஓராண்டும் நிற்கவில்லை. இந்நாட்டின் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் அப்பணம் போயிற்று. சந்தாவை வாங்கிக்கொண்டு உறுப்புரிமை அட்டையைக் கிழித்தெறிந்த சங்கம் உலகில் வேறு உண்டோ என்று நாம் வியந்ததுண்டு. அந்த அட்டையை முழுமையாகத் திருப்பிப் பெற 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

'கொடாதவனுக்குக் குரல் ஏன்?' என்று கேட்போரின் வினா, கொடுப்பவன் யார் என்பதைத் தெரிந்துகொண்டதாகப் பாவனை செய்கிறது. யாருடைய பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்படுகிறதோ அவனே கொடுத்தவன் என்று அது நம்புகிறது. பற்றுச்சீட்டு அரசின் பெயரிலும் கம்பனியின் பெயரிலும் எழுதப்படுகிறது. ஒன்றியத்தில் அரசுக்கு இடமுண்டு, கம்பனிக்கு இடமுண்டு, பல்கலைக்கழகத்துக்கு இடமுண்டு. காசேற்றிப் பேசுபவளுக்கென்று ஒரு வகுப்பு இல்லை. அரசு அவளுடைய பிரதிநிதி என்பது சட்டம். ஆயின் 1948ஐ மறவாத நமக்கு அச்சட்டம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் ஐயம் உண்டு.

நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் பாடங்களைக் கைப்பேசி வழியே அனுப்பினோம். அனுப்பியதை எண்ணினோம், பெற்றவரை எண்ணினோமா? 2021இல் லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் காட்டினூடே மலையேறி, மரத்தின்மேற் கட்டிய பரணில் இருந்து பாடம் கேட்ட செய்தி உலகமெங்கும் படத்துடன் வந்தது. நம் வகுப்பிலும் ஒரு பையன் ஏழு வாரம் பதில் அனுப்பவில்லை. சோம்பேறி என்று குறித்து வைத்தோம். பாடசாலை திறந்த பின்பே அவன் லயத்துப் பள்ளத்தில் அலைவரிசை எட்டுவதில்லை என்பது தெரிந்தது. அவனுடைய வருகைப் பத்தியில் நாமும் அரைப் பேர்தான் போட்டிருந்தோம்.

அப்பையனின் தாய் இப்போதும் வளைகுடா நாடொன்றில் இருக்கிறாள். சென்ற மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மாலை ஆறு மணி இருக்கும். லயத்துக்கு மேலே மாரியம்மன் கோவிற் படிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்குதான் கோடு இரண்டு விழுகிறதாம். கீழிருந்து மூன்றாவது படி அவனுடைய இடம். மற்றவர்கள் அதை அவனுக்காக விட்டு வைத்திருந்தார்கள். 'அம்மா ஆறரைக்குத்தான் சேர் எடுக்கும்' என்றான். இருபது நிமிடம் அவனோடு உட்கார்ந்திருந்தோம்.